முதல் கிழமை தூக்காதீர்கள்

புதிதாக வீட்டுக்கு வந்த சின்சில்லாவை முதல் கிழமை தூக்கவே கூடாது. தத்தெடுத்த கையோடு அதைப் பரிசோதனைக்குக் கொண்டுவருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கேட்டதும் பிள்ளைகளின் முகம் வாடிப்போகும். அந்த உரோமத்தைத் தடவிப் பார்க்கத்தானே அவர்கள் அத்தனை நாள் அடம்பிடித்தார்கள்! எங்கள் தலையில் ஒரு வேர்க்காலில் ஒன்றிரண்டு முடி வளரும். சின்சில்லாவுக்கு ஒரே வேர்க்காலில் 50க்கும் மேற்பட்ட முடிகள் முளைக்கின்றன. விரலை வைத்தால் தோல் தட்டுப்படாது, விரல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆசை வராமல் இருக்காது. ஆனாலும் பொறுக்கத்தான் வேண்டும்.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், முயல், கினிப்பன்றி, கிளி, ஆமை என்று நாய் பூனை தவிர்ந்தவற்றையும் பார்க்கிற ஒரு மிருக வைத்தியசாலையில் ரெக்னீசியனாக இருக்கிறேன். நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதுவது வைத்தியரின் வேலை. நிறுப்பது, பிடிப்பது, எக்ஸ்ரேக்குக் கிடத்துவது, ஊசி இல்லாத சிரிஞ்சால் ஊட்டுவது, பிறகு வீட்டுக்காரரை இருத்தி வைத்து விளங்கப்படுத்துவது எங்கள் வேலை. இதில் கடைசி வேலைதான் எனக்கு ஆகப் பெரிதாகத் தெரிகிறது. எங்களிடம் வருகிற சின்சில்லா நோய்களில் பெரும்பங்கு கூட்டிலும் சாப்பாட்டிலும் அறைச் சூட்டிலும் தொடங்குகிறவை.

சின்சில்லா இரையாக வாழ்ந்து வந்த பிராணி. சிலியின் வறண்ட மலைச்சரிவுகளில், கல்லிடுக்குகளில் கூட்டமாக வாழ்ந்தது. நிலத்தில் நரி, ஆகாயத்தில் ஆந்தை. அதனால் தலைக்கு மேலே இறங்கி வருகிற கை, அது யாருடைய அன்பான கையாக இருந்தாலும், அதற்கு முதலில் ஆந்தைதான். பயந்த நேரத்தில் இறுக்கிப் பிடித்தால், பல்லி வாலை விட்டுவிட்டு ஓடுவதுபோல, பிடித்த இடத்து உரோமத்தைக் கொத்தாகக் கையில் விட்டுவிட்டு ஓடிவிடும். வழுவழுவென்று தோல் தெரிகிற அந்த இடம் மூடிவர மாதக்கணக்காகும். விலா எலும்பும் மெல்லியது. நெஞ்சை நெரித்துப் பிடித்தால் உடைந்துவிடும்.

முதல் கிழமையில் நாங்கள் செய்யக்கூடியது கிட்ட இருப்பது. பகல் முழுக்கத் தூங்கி, பொழுதுபடும்போது அது எழும்பும். அந்த நேரம் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுப் புத்தகம் வாசியுங்கள், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். குரல் பழகட்டும். சில நாளில் அதுவாகக் கம்பிக்கு அருகே வந்து மூக்கை நீட்டும். அப்போது கையை விரித்து, கூட்டின் தரையோடு, பக்கவாட்டில் கொண்டுபோய் வையுங்கள். அது ஏறி வரும்வரை காத்திருங்கள். தூக்கத் தொடங்கும் நாளிலும் ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை பின்னங்கால்களைத் தாங்க வேண்டும்.

கூடு எங்கே இருக்கிறது என்பது நான் கேட்கிற அடுத்த கேள்வி. சின்சில்லாவின் செவிப்புலன் வீச்சு மனிதனுடையதைப் பெரிதும் ஒத்தது. காது பற்றிய ஆய்வுகளில் அதை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்ததும் அதனால்தான். எங்களுக்கு எது இரைச்சலோ அதுவே அதற்கும் இரைச்சல். கிரைண்டர் ஓடுகிற, கடுகு தாளிக்கிற, செத்தல் மிளகாய் வறுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கூடு வேண்டாம். சாம்பிராணி காட்டுகிற சாமி அறையும் வேண்டாம். வெயில் விழுகிற யன்னலோரம் அறவே வேண்டாம். படுக்கையறை ஒன்றின் மூலை நல்லது. ஆனால் இரவு முழுக்கச் சில்லில் ஓடுகிற சத்தத்தைப் பொறுக்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அந்தச் சில்லும் கம்பி இடைவெளி இல்லாத, 38 சென்ரிமீற்றர் அளவாவது விட்டமுள்ள உலோகச் சில்லாக இருக்கட்டும். சின்னச் சில்லு முதுகை வளைத்துவிடும். கம்பிச் சில்லில் கால் மாட்டி முறியும்.

தத்துக்கு வருகிறவை பெரும்பாலும் வளர்ந்தவை. சின்சில்லா 10 வருடம் தாராளமாக வாழும். நன்றாகப் பார்த்தால் 20 வரைக்கும் போகும். ஆரம்ப வகுப்பில் ஆசையாக வாங்கிய பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். பெற்றோருக்கு இரண்டு வேலை. கூடு பேஸ்மென்ற்றுக்கு இறங்கும், பிறகு ஒருநாள் காப்பகத்துக்கு வரும். யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் புதிதாக எடுக்கிறவர்கள் அதன் பழைய வாழ்க்கையைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். எந்தப் பெலட் சாப்பிட்டது? ஒரு பை அதையே கேட்டு வாங்குங்கள். புதிய பெலட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து இரண்டு கிழமையில் மாற்றுங்கள். பெண் என்றால் ஆணோடு ஒரே கூட்டில் இருந்ததா? சின்சில்லாவின் சினைக்காலம் 111 நாள். வந்து மூன்று மாதம் கழித்து, கண் திறந்து, உரோமம் நிறைந்து, பல்லோடு ஒரு குட்டி கூட்டுக்குள் ஓடித்திரிவதைக் கண்டு திகைத்துப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், புதியதை ஒரு மாதமாவது வேறு அறையில் வையுங்கள். நல்லவை இரண்டென்றாலும் அவசரப்பட்டுச் சேர்த்தால் கடித்துக் குதறிக்கொள்ளும்.

மார்க்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயையும் மகளையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தத்தெடுத்து இரண்டு மாதம் இருக்கும்.

“ஒரு கண்ணால தண்ணி வடியுது தங்கச்சி. குளிக்கேக்க தூசி பட்டிருக்கும் எண்டு நினைக்கிறன்” என்றார் தாய்.

தராசில் வைத்தேன். காப்பகம் கொடுத்த தாளில் 610 கிராம் என்றிருந்தது. தராசு 545 காட்டியது.

“ஆனா நல்லாச் சாப்பிடுறா அக்கா. பெலட் எல்லாத்தையும் முடிச்சிடுவா” என்றாள் மகள்.

“புல்லு?”

“புல்லை இழுத்து இழுத்துக் கீழ போட்டு விளையாடுறா.”

அதைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. கீழ்த்தாடையின் விளிம்பில் விரலை மெல்ல ஓட்டினேன். வழவழப்பாக இருக்க வேண்டிய எலும்பில் சின்னச் சின்ன முடிச்சுகள். நாடிக்குக் கீழே உரோமம் ஈரமாகித் திரைந்திருந்தது. வீணீர். எக்ஸ்ரேயில் கடைவாய்ப்பற்களின் வேர்கள் மேல்தாடையில் கண்ணை நோக்கி ஏறியிருந்தன. கண்ணீர் இறங்கும் குழாயை அந்த வேர் நெரித்ததுதான் கண்ணில் நீராக வடிந்தது. சின்சில்லா புல்லோடு விளையாடவில்லை. வாயில் வைத்து, அரைக்க முடியாமல், நோவில் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

சின்சில்லாவுக்கு 20 பற்கள். இருபதும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. முன் வெட்டுப்பற்கள் மட்டும் வருடத்துக்கு 5 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். காய்ந்த திமோதிப் புல்லை மணிக்கணக்காகப் பக்கவாட்டில் அரைப்பதால்தான் கடைவாய்ப்பற்கள் தேய்ந்து அளவில் நிற்கின்றன. பெலட் வாயில் விழுந்தவுடன் நொறுங்கிவிடும். பல்லுக்கு வேலை இல்லை. தேயாத பல் உள்ளே கூர்முளையாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும், மறுபக்கம் வேர் எலும்புக்குள் இறங்கும். மயக்கம் கொடுத்து முளைகளை அராவலாம், நோவுக்கு மருந்து கொடுக்கலாம். எலும்புக்குள் போன வேரைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. பரம்பரையும் இதில் ஒரு காரணம்தான், எல்லாப் பழியையும் சாப்பாட்டின் மேல் போட முடியாது. ஆனால் எங்கள் கையில் இருப்பது சாப்பாடு ஒன்றுதான். புல் இரவும் பகலும் கூட்டில் நிறைந்திருக்க வேண்டும். பெலட் நாளுக்கு ஒன்று, கூடினால் இரண்டு மேசைக்கரண்டி. கச்சான், முந்திரிகை வற்றல், சோளம், வாழைப்பழம், கோவா எதுவும் வேண்டாம். சீனியும் கொழுப்பும் அதன் குடலைக் குழப்பிவிடும். அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. விழுங்கியது தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் காய்ந்த அப்பிள் மரக் குச்சி கொடுங்கள். பல்லுக்கும் அது வேலை.

வெட்டுப்பற்களின் நிறத்தையும் பாருங்கள். செம்மஞ்சளாக இருந்தால் நல்லது. கறை என்று பயந்து பிள்ளைகள் கேட்பார்கள். அது பல்லின் இயற்கை நிறம். வெள்ளையாக வெளிறி வந்தால்தான் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அந்த மார்க்கம் பிள்ளை சிரிஞ்சால் ஊட்டப் பழகினாள். துவாயில் சுற்றி மடியில் வைத்து, வாயின் ஓரத்தால், கொஞ்சம் கொடுத்து, மென்று விழுங்கும்வரை நிறுத்தி, மறுபடி கொஞ்சம். முதல்நாள் அவளுக்குக் கை நடுங்கியது. சில கிழமைகளில் என்னைவிட நிதானமாக ஊட்டினாள். சின்சில்லாவின் நிறை மீண்டும் 600ஐத் தொட்ட நாளில் தராசைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பற்களை அராவ அவர்கள் இன்னமும் வந்து போகிறார்கள்.

இந்தப் பிராணி நோயை மறைக்கும். கூட்டத்தில் நொண்டுவதைத்தான் நரி முதலில் குறிவைக்கும், ஆகவே நொண்டாததுபோல நடப்பது அதன் பிறவிக்குணம். முகத்தைப் பார்த்து அதன் சுகத்தை அறிய முடியாது. வேறு மூன்றைப் பார்க்கலாம்: நிறை, புழுக்கை, புல். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்தில், சமையலறைத் தராசில் ஒரு பெட்டியை வைத்து நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு கிழமை தொடர்ந்து இறங்கினால், துள்ளிக்கொண்டு திரிந்தாலும் கொண்டு வாருங்கள். புழுக்கையைக் காலையில் கூட்டும்போது கையில் எடுத்துப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல புழுக்கை ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட நீளத்தில், இரு முனையும் வட்டமாக, காய்ந்து, மணமில்லாமல், எல்லாம் ஒரே பருமனில் இருக்கும். அழுத்தினால் உள்ளே புல் நார் தெரியும். சிறுத்து, முனை கூர்ந்து, எண்ணிக்கையும் குறைந்தால் அது சாப்பிடுவது குறைந்துவிட்டது. மென்மையாகி ஒட்டினால் குடலில் பிரச்சினை. ஒரு இரவு முழுக்கப் புழுக்கையே இல்லையென்றால் அன்றே வர வேண்டும். குடல் அசைவு நின்ற சின்சில்லாவுக்கு நாளைக்குப் பார்ப்போம் என்கிற நாளை கிடைக்காது.

அடுத்தது சூடு. கனடா குளிர்நாடுதானே, பிறகென்ன என்று பலரும் நினைக்கிறார்கள். 1923இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் உரோமத் தொழிலை நினைத்துச் சிலியிலிருந்து 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார். பிடித்தவற்றை மலையிலிருந்து ஒரேயடியாக இறக்காமல் மாதக்கணக்கில் படிப்படியாக இறக்கினார். கப்பலில் பனிக்கட்டி வைத்துக் குளிர்மை பார்த்தார். வட அமெரிக்க வீடுகளில் இன்றிருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் 11இன் வழிவந்தவை. நூறு வருடத்தில் வெள்ளை, கறுப்பு, பழுப்பு, ஊதா என்று நிறம் மாறியிருக்கிறது. சூடு தாங்காத உடம்பு மாறவில்லை. அதற்கு வியர்க்காது. அந்த உரோமத்துக்குள்ளிருந்து சூடு வெளியேற இருக்கிற பெரிய வழி காது மட்டும்தான்.

15இலிருந்து 21 பாகை செல்சியஸ் வரை அதற்குச் சுகம். 25ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கும். ஈரப்பதனும் சேர்ந்தால் இன்னும் கேடு. வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: பரன்ஹைட்டில் வெப்பநிலையையும் ஈரப்பதன் வீதத்தையும் கூட்டுங்கள், 150ஐத் தாண்டக் கூடாது. 75 பாகை, அதாவது 24 செல்சியஸ், எங்களுக்கு இதமான அறைதான். ஈரப்பதன் 80 என்றால் கூட்டுத்தொகை 155. யூலை மாதத்து ரொறன்ரோவில் ஏசி இல்லாத அடுக்குமாடி வீட்டில் இந்தக் கணக்கு காலையிலேயே உடைந்துவிடும். மின்விசிறி உதவாது, வியர்வை இல்லாத உடம்பில் காற்றடித்து என்ன பயன்? பேஸ்மென்ற் குளிர்மையானது, ஆனால் ஈரம் பிடித்தது. ஈரப்பதன் காட்டுகிற ஒரு சின்னக் கருவி வாங்கி வையுங்கள்.

காதின் உட்புறம் சிவந்து நரம்பு புடைத்தால், பக்கவாட்டில் நீட்டிப் படுத்து வாயால் மூச்சு வாங்கினால், உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதிலும் பாதத்திலும் வையுங்கள். பனிநீரில் அமிழ்த்தக் கூடாது. காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு புறப்படுங்கள். கரண்ட் போகிற நாளுக்காக ஒரு மார்பிள் துண்டைக் கூட்டிலும், துணி சுற்றுவதற்குத் தயாராக இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை ஃபிரீசரிலும் எப்போதும் வைத்திருங்கள்.

இந்தப் பிராணியின் காட்டுச் சொந்தங்களை நினைக்கும்போது மனம் பாரமாகும். உரோமத்துக்காகக் கொன்று குவித்து, 1910இல் சிலி, பொலிவியா, பெரு, ஆர்ஜென்ரீனா நான்கும் வேட்டையைத் தடுக்க உடன்படிக்கை செய்கிற நிலை வந்தது. அதற்குள் மலைகள் பெரும்பாலும் வெறுமையாகிவிட்டன. இன்று சிலியின் இயபெல் நகருக்கு அருகே, 1983இல் அமைத்த சின்சில்லாக் காப்புக்காட்டிலும் அதைச் சுற்றியும் ஒரு பகுதி மிஞ்சியிருக்கிறது. காட்டுச் சின்சில்லா இன்னும் அழிவின் விளிம்பில்தான் நிற்கிறது. ஒரு மேலங்கிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தோல்கள் வேண்டும் என்று சொன்னால் பிள்ளைகள் கூட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

குளிப்பு அதற்குத் தண்ணீரில் இல்லை. அந்த உரோமம் நனைந்தால் உள்ளே காயாது. பூஞ்சணம் பிடிக்கும், குளிர் ஏறும். எரிமலைச் சாம்பல்போல மென்மையான தூளைக் கிண்ணத்தில் போட்டு வையுங்கள். முதலில் மீசையால் தொட்டுப் பார்க்கும், முன்னங்கால்களால் கிளறும், பிறகு சட்டென்று பக்கவாட்டில் விழுந்து சுழலும். தூள் எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். எழும்பி உதறும்போது அறை புகைமண்டலமாகும். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 10, 15 நிமிடம் போதும். கிண்ணத்தை உள்ளேயே விட்டுவைத்தால் தோல் வறண்டு கண் சிவக்கும். கடற்கரை மணல் உதவாது, அது முடியை முறிக்கும்.

எங்கள் வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அன்ரிபயோட்டிக் ஃபிரிட்ஜில் இருக்கும். பிராணி சோர்ந்தால் அதில் ஒரு துளி கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றும், அக்கறையில்தான் தோன்றும். அமொக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தை வாயால் கொடுத்தால் சின்சில்லாவின் குடலில் இருக்கிற நல்ல பக்டீரியாக்கள் செத்து, நச்சுப் பக்டீரியா பெருகி, பிராணி இறந்துவிடும். பெனடோல் உட்பட வீட்டு மருந்து எதையும் கேளாமல் கொடுக்க வேண்டாம்.

என் வீட்டிலும் ஒரு கிழவன் இருக்கிறான், பெயர் முனி. காப்பகத்திலிருந்து வந்தபோதே வயது போய்விட்டது. அவனைப்போன்ற ஆண் சின்சில்லாக்களுக்குக் குறியைச் சுற்றி உரோமம் வளையமாக இறுகுவதுண்டு. இரத்த ஓட்டம் தடைப்படும். மாதம் ஒருமுறை பார்த்து, இருந்தால் வழுக்கும் ஜெல் தடவி மெல்லக் கழற்ற வேண்டும். வைத்தியரிடம் ஒருதடவை காட்டிக் கேட்டுப் பழகிக்கொண்டால் வீட்டிலேயே பார்க்கலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிற விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆட்கள் ஊருக்குப் போவது பள்ளி விடுமுறையான யூலை, ஆகஸ்ட்டில். சின்சில்லாவுக்கு வருடத்தின் ஆக ஆபத்தான மாதங்களும் அவைதான். பக்கத்து வீட்டு அன்ரியிடம் திறப்பைக் கொடுத்து, புல்லும் தண்ணீரும் வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஏசி உள்ள வீட்டில், முடிந்தால் பிராணியை அறிந்த ஒருவரிடம் விடுங்கள். ஒரு கிழமை முன்னதாகவே அவரைக் கூப்பிட்டு, உங்களுக்கு முன்னால் ஒருதடவை நிறுக்கவும் தூள் வைக்கவும் விடுங்கள். கூட்டின் மேல் தமிழில் ஒரு தாள் ஒட்டுங்கள்: சின்சில்லாவின் வழக்கமான நிறை, அறை 20 பாகையில் இருக்க வேண்டும் என்பது, காலையில் புழுக்கை பார்க்க வேண்டும் என்பது, இரவிலும் திறந்திருக்கிற மிருக வைத்தியசாலையின் தொலைபேசி இலக்கம், செலவுக்கு உங்கள் சம்மதம். அந்தச் சம்மதத்தை மறக்காமல் கையெழுத்தோடு எழுதி வையுங்கள். நீங்கள் யாழ்ப்பாணத்தில் நித்திரையாக இருக்கும் நேரம் இங்கே அந்த அன்ரி உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது.